ஒரே கலம், இரண்டு வேலை

திருவண்ணாமலையில் ஒரு பள்ளியின் மாடியில் 12 கிலோவாட் சூரியத் தகடுகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். நல்ல வெயில் நாளில் ஏறத்தாழ 50 யூனிட் மின்சாரம் கிடைக்கும். விடுமுறையில் அது யாருக்கும் தேவைப்படாது. அதைக்கொண்டு தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜனாகச் சேமிக்கலாம்; வேண்டும்போது அந்த ஹைட்ரஜனிலிருந்து மின்சாரம் எடுக்கலாம். இவ்விரண்டையும் ஒரே கருவி செய்தால், அதுவே இருவழி எரிபொருள் கலம்.

கோவை மாவட்டத்தின் கடம்பாறை நீர்மின் நிலையமும் இப்படித்தான். மின்சாரம் மிகும்போது நீரை மேல் அணைக்கு ஏற்றும் அதே இயந்திரம், பிறகு இறங்கும் நீரால் சுழன்று மின்சாரம் தருகிறது. வேதியியலிலும் இது முடியும் என்பதற்கு 1839-இலேயே வழிகாட்டியவர் வில்லியம் குரோவ். (அவர் பின்னாளில் நீதிபதியானார் என்பது வியப்பு!)

அப்படியானால் ஏன் இன்னும் பரவவில்லை? கணக்குப்படி, போகவும் வரவும் 1.23 வோல்ட் போதும். நடைமுறையிலோ, பிரிக்க 1.8 வோல்ட் வரை கொடுக்கிறோம். திரும்பக் கிடைப்பது சுமார் 0.7 வோல்ட். மீதி வெப்பமாகிவிடுகிறது. நம் பள்ளியின் 50 யூனிட் ஒரு கிலோ ஹைட்ரஜனாகி, 16 யூனிட் அளவிலேயே திரும்பும்.

ஆக்ஸிஜன் பக்கத்து மின்வாய்தான் பெரிய தலைவலி. மின்சாரம் எடுக்கப் பிளாட்டினம் ஏற்றது. நீரைப் பிரிக்க அரிய உலோகமான இரிடியம் வேண்டும். ஒரு வேலையில் நீர் தேங்கக் கூடாது, மற்றதில் நீர் வந்துகொண்டே இருக்க வேண்டும். வழக்கமான கரித்தாளும் அதிக வோல்ட்டில் அரித்துவிடும். எனவேதான் ஆய்வாளர்கள் முதலில் கணினியில் மாதிரி அமைத்து, எந்த மின்னோட்டத்தில் எவ்வளவு வோல்ட் இழப்பு என்று கணிக்கிறார்கள். பின்னர் கலத்தை மாற்றி மாற்றி பல நூறு மணி நேரம் ஓட்டி, கணிப்போடு ஒப்பிடுகிறார்கள். காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகம் எரிபொருள் கலம், நீர்ப் பகுப்பு ஆகிய இரண்டிலும் ஆய்வு செய்து வருகிறது.

பகல் மின்சாரம் அன்றிரவுக்கே போதுமென்றால், பேட்டரியே மேல். பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் திருப்பித் தரும். ஆனால் ஆடிக்காற்றின் மின்சாரத்தைக் கார்த்திகை வரை வைத்திருக்க ஹைட்ரஜனே பொருத்தம்.

தண்ணீர்க் கணக்கும் உண்டு. ஒரு கிலோவுக்கு 9 லிட்டர் தூய நீர். உப்பு கலந்த ஆழ்துளைக் கிணற்று நீர் ஆகாது. 2023-இல் ஒப்புதல் பெற்ற தேசியப் பசுமை ஹைட்ரஜன் திட்டத்தின் இலக்கு, 2030-க்குள் ஆண்டுக்கு 50 லட்சம் டன். அதற்குக் குறைந்தது 4,500 கோடி லிட்டர் வேண்டும். அது நம் சாத்தனூர் அணையின் முழுக் கொள்ளளவில் ஐந்தில் ஒரு பங்குக்கும் சற்று அதிகம்.