கெகெக் மீனின் வயிற்றுக்குள் ஒரு விளக்கு

ஜொகூர் பாரு, கூலாய், குளுவாங் என எந்த ஊர்ச் சந்தையானாலும் மீன் கடை ஓரத்தில் குவியலாகக் கிடக்கும் மலிவான மீன் கெகெக். தமிழ்நாட்டில் இதைக் காரப்பொடி என்பார்கள், இலங்கையில் காரல். தட்டையான வெள்ளி உடம்பு, மேலெல்லாம் வழவழப்பு. வாயைப் பிடித்து இழுத்தால் குழாய் போல முன்னுக்கு நீளும். முள் அதிகம் என்று பலர் ஒதுக்கிவிடுவார்கள். மொறுமொறுவெனப் பொரித்து முள்ளோடு மெல்பவர்களும், கருவாடாக வாங்கிச் சமைக்கும் தோட்டப்புறக் குடும்பங்களும் இதை விடுவதில்லை.

அந்தச் சின்ன மீனின் உணவுக்குழாயைச் சுற்றி, இரைப்பை தொடங்கும் இடத்தில், வளையம் போல ஓர் உறுப்பு இருக்கிறது. அது வெளிச்சம் தரும் விளக்கு. மீனைச் சுத்தம் செய்யும்போது குடலோடு சேர்ந்து பூனைக்குப் போய்விடுவதால் யாரும் அதைக் கவனிப்பதில்லை.

மீனுக்கு எதற்கு விளக்கு? இதைப் புரிந்துகொள்ள ஆழ்கடலில் வாழும் கோடரி மீனைப் பார்ப்பது உதவும். பக்கவாட்டில் பார்த்தால் கோடரியின் தலை போன்ற வடிவம். அறிவியல் பெயரான ஆர்கைரோபெலெக்கஸ் என்பதற்கும் ‘வெள்ளிக் கோடரி’ என்றுதான் பொருள். நன்கு அறியப்பட்ட ஒரு வகை ஏறக்குறைய 8 சென்டிமீட்டர் வளரும். பகலில் சில நூறு மீட்டர் ஆழத்தில் இருந்துவிட்டு, இரவில் இரை தேடி மேலே ஏறி வரும். கண்கள் குழாய் வடிவில் வானத்தைப் பார்த்தபடி இருக்கும். வயிற்றின் அடியில் வரிசையாகச் சிறு விளக்குகள்.

நடுப்பகலில் தலைக்கு மேல் பறக்கும் பருந்து நமக்குக் கறுப்பு நிழலாகத்தான் தெரிகிறது. கடலிலும் அதே கதைதான். மேலிருந்து வெளிச்சம் இறங்குவதால், கீழே காத்திருக்கும் பெரிய மீனுக்கு மேலே நீந்தும் சிறு மீன் நிழலாகத் தெரிந்துவிடும். கோடரி மீன் தன் வயிற்று விளக்குகளை, மேலிருந்து வரும் வெளிச்சத்தின் அளவுக்கே எரிய விடுகிறது. நிழல் கரைந்துபோகிறது. பக்கவாட்டிலோ உடம்பு கண்ணாடி போல மின்னி, சுற்றியுள்ள நீரின் நிறத்தையே திருப்பிக் காட்டும். ஒளிந்துகொள்ள இருட்டைத் தேடாமல் வெளிச்சத்தையே பயன்படுத்துகிற வித்தை இது.

ஜொகூர் கடலில் கோடரி மீன் கிடைக்காது. மெர்சிங் பக்கத்துத் தென்சீனக் கடலின் ஆழம் பெரும்பாலும் 100 மீட்டருக்கும் குறைவு; கடலுக்கடியில் பரந்து கிடக்கும் மேடை அது. ஆனால், ஆழமில்லாத அந்தக் கலங்கல் நீரில் கெகெக் இதே வித்தையைச் செய்கிறது. இரண்டும் நெருங்கிய உறவும் இல்லை. ஒரே தேவைக்கு இருவேறு குடும்பங்கள் தனித்தனியே கண்டுபிடித்த வழி என்று சொல்லலாம்.

வேறுபாடு விளக்கின் எண்ணெயில் இருக்கிறது. கோடரி மீன் ஒளியைத் தன் உடம்பிலேயே தயாரிக்கிறது. கோத்தா திங்கி ஆற்றோரம் சுற்றுப்பயணிகள் படகேறிப் பார்க்கும் மின்மினியும் அப்படித்தான். கெகெக்கோ வாடகைக்குக் குடிவைத்திருக்கிறது. வளைய உறுப்புக்குள் கோடிக்கணக்கில் வாழும் ஃபோட்டோபாக்டீரியம் லியோக்னாதி என்ற நுண்ணுயிர்தான் ஒளி விடுகிறது. மீன் அதற்கு உணவும் உயிர்வளியும் கொடுக்கிறது. தாய் மீனிடமிருந்து இது குஞ்சுக்கு வருவதில்லை. ஒவ்வொரு குஞ்சும் கடல் நீரிலிருந்து புதிதாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். பெருகி மிஞ்சிய நுண்ணுயிர் குடல் வழியாக மறுபடி கடலுக்கே போகிறது.

நுண்ணுயிர் ஓயாமல் ஒளிரும். அதை அணைக்க முடியாது என்பதால் மீன் தோல்மடிப்புகளைக் கதவு போல வைத்துத் திறந்து மூடுகிறது. உறுப்பிலிருந்து வரும் ஒளி, பக்கத்திலுள்ள காற்றுப்பையின் வெள்ளிப் பூச்சில் பட்டுத் திரும்பி, ஒளி ஊடுருவும் அடிவயிற்றுத் தசை வழியாகப் பரவலாக வெளியே வருகிறது. சில வகைகளில் ஆணின் விளக்கு பெண்ணுடையதைவிடப் பல மடங்கு பெரியது. பெண்ணை அழைக்கவும் அது பயன்படுவதாக ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

இதை ஆராய்ந்தவர்களில் ஒருவருக்குப் பாலத்துக்கு அப்பால் ஒரு தொடர்பு உண்டு. 1940இல் இந்த மீன்களின் ஒளி பற்றி எழுதிய ஜப்பானியரான யாத்தா ஹனேடா, ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் சிங்கப்பூர் ராஃபிள்ஸ் அருங்காட்சியகத்தின் பொறுப்பை வகித்தவர். இந்த வயிற்று ஒளி நிழலை மறைக்கத்தான் என்ற விளக்கத்தை, கெகெக் குடும்ப மீனை வைத்து 1971இல் அமெரிக்க அறிவியலாளர் ஜே. வுட்லண்ட் ஹேஸ்டிங்ஸ் எழுதினார்.

வீட்டில் வாங்கி வைத்த மீன் இருட்டில் நீலமாக மினுங்கினால் பதற வேண்டியதில்லை. பேயும் இல்லை, இரசாயனமும் இல்லை. இத்தகைய கடல் நுண்ணுயிர்கள் மீனின் மேல் பெருகும்போது அப்படித் தெரியும். ஒளியே நஞ்சு அல்ல. ஆனாலும் மீன் கெட்டதா நல்லதா என்பதை வழக்கம் போல வாடையையும் செவுளையும் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். கெகெக் சீக்கிரம் கெடும் மீன் என்பதால் வாங்கியதும் குடலை எடுத்துவிடுவது நல்லது.

கீழிருந்து பார்க்கும் கண்ணைத்தான் இந்த விளக்கு ஏமாற்றும், வலையை அல்ல. கெகெக் கூட்டங்கூட்டமாகக் கடலடியை ஒட்டி வாழ்கிறது. இழுவலை உரசிப் போவதும் அங்கேதான். தாய்லாந்து வளைகுடாவில் 1960களில் இழுவலைப் படகுகள் பெருகியபோது மிக வேகமாகக் குறைந்த மீன்களில் இந்தக் குடும்பமும் ஒன்று. நம் நாட்டிலும் இழுவலையில் சிக்கும் பொடி மீன்கள் ‘இக்கான் பாஜா’ என்ற பெயரில் தீவனத்துக்கு அரைபடுகின்றன. அந்தக் குவியலில் இன்னும் குஞ்சு பொரிக்காத கெகெக்கும் கிடக்கும்.