வலி நின்ற பின் பல்லுக்கு என்ன தேவை?

வேர் சிகிச்சை முடிந்து வலி நின்றதும், "இனி உறை அவசியந்தானா, டாக்டர்?" என்று கேட்போர் பலர். செலவையும் மீண்டும் மீண்டும் வந்து செல்லும் அலைச்சலையும் எண்ணினால் நியாயமான கேள்விதான். ஆயினும், வேர் சிகிச்சை நன்கு அமைந்தும் பின்னர் இழக்க நேரும் பற்கள் பலவற்றுக்கு, மேற்பகுதியை உரிய காலத்தில் சீரமைக்காததே காரணமாகிறது.

வேர் சிகிச்சையில், தொற்றுக்குள்ளான பற்கூழை அகற்றி, வேர்க்குழாய்களைத் தூய்மை செய்து அடைக்கிறோம். வலி நீங்குகிறது, சொத்தை அரித்த பகுதியோ மீண்டும் வளர்வதில்லை. நடுவே குடையப்பட்ட கடைவாய்ப் பல்லின் சுவர்கள், ஒவ்வொரு முறை மெல்லும்போதும் சிறிதளவு வளைகின்றன. என்றோ ஒரு நாள் முறுக்கைக் கடிக்கும்போது பல் பிளந்துவிடலாம். பிளவு வேர்வரை நெடுக்காக இறங்கிவிட்டால் பெரும்பாலும் பல்லை எடுக்கத்தான் வேண்டும்.

தற்காலிக அடைப்பும் சில வாரங்களுக்கே உரியது. அது தேய்ந்தால் உமிழ்நீரும் கிருமிகளும் உள்ளே கசிந்து, செய்த சிகிச்சையையே வீணாக்கக்கூடும்.

சீரமைக்கும் முறை, எஞ்சியுள்ள பல்லின் அளவைப் பொறுத்தது. சிறிதளவே சேதமடைந்த முன்பல்லுக்கு நிரந்தர அடைப்பே போதுமானதாக இருக்கலாம். கடைவாய்ப் பல்லுக்குப் பெரும்பாலும் உள்ளே உறுதியான அடைப்பும் மேலே உறையும் தேவை. மேற்பகுதி பெரிதும் சிதைந்திருந்தால், வேரின் நுனியில் 4 முதல் 5 மில்லிமீட்டர் அடைப்பை விட்டுவைத்து, அதற்கு மேல் இழைக்கண்ணாடி அல்லது உலோகத் தண்டைப் பொருத்துகிறோம். தண்டு பல்லுக்கு வலுவூட்டுவதாகப் பலர் எண்ணுகின்றனர். அதன் பணி, மேலே கட்டும் அடைப்பைத் தாங்கிப் பிடிப்பது மட்டுமே.

வலு எங்கிருந்து வருகிறது? உலக்கையின் முனை பிளக்காமல் இரும்புப் பூண் காப்பதுபோல், உறையின் விளிம்பு இயற்கையான பல்லைச் சுற்றிப் பிடிக்க வேண்டும். அதற்கு ஈறுக்கு மேல் ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் உயரத்துக்கு நல்ல பல் தேவை. அது இல்லையெனில், ஈறையும் எலும்பையும் சிறிது குறைத்தோ, பல்லைக் கம்பி கட்டி மெல்ல மேலே இழுத்தோ பெற முயல்கிறோம். வேர் மிகக் குட்டையாக இருந்தாலோ பிளந்திருந்தாலோ, பல்லை எடுத்துவிட்டு வேறு வழியை நாடுவதே நலம்.

உறை பொருத்தும்வரை அந்தப் பக்கத்தில் கடினமானவற்றை மெல்லாதீர்கள். தற்காலிக அடைப்பு விழுந்துவிட்டால், குறித்த நாளுக்குக் காத்திராமல் உடனே வாருங்கள். செலவு தடையாக இருந்தால் தயங்காமல் கூறுங்கள். பார்வைக்குத் தெரியாத பின்பல்லுக்கு, விலை குறைந்த முழு உலோக உறையும் நெடுநாள் உழைக்கும். உடனே இயலாதெனில், பல்லின் மேற்பரப்பு முழுவதையும் அடைப்புப் பொருளால் மூடிச் சிறிது காலம் பாதுகாக்கலாம்.

உறை பொருத்திய பின்னரும் கவனம் தேவை. அந்தப் பல்லுக்குள் நரம்பு இல்லாததால், உறையின் விளிம்பில் மீண்டும் சொத்தை விழுந்தாலும் கூச்சம் தோன்றாது. ஆகவே, நாள்தோறும் விளிம்பைத் துலக்கி, பல்லிடுக்குகளை நூலால் தூய்மை செய்யுங்கள். மருத்துவர் கூறும் இடைவெளியில் பரிசோதனைக்கு வாருங்கள். தேவையெனில் எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்போம். வலி முன்னெச்சரிக்கை தராத பல்லுக்கு இந்தப் பரிசோதனையே காவல்.