திருமணமும் குருத்துவமும்: கத்தோலிக்க இறையியலில் இரு அருளடையாளங்கள்

ஆய்வுச் சுருக்கம்

கத்தோலிக்கக் குருக்களுள் பெரும்பாலோர் மணம் செய்யாதவர்கள். இதனால் திருமணமும் குருத்துவமும் ஒன்றையொன்று விலக்கும் எதிர்நிலைகள் என்னும் கருத்து நிலவுகிறது. இவ்விரண்டும் ஒரே நோக்குடைய அருளடையாளங்கள் என்பதையும், மணத்துறவு குருத்துவத்தின் இயல்பிலிருந்து எழாத ஓர் ஒழுங்குமுறை என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: அருளடையாளம், குருத்துவம், திருமணம், மணத்துறவு, கீழைத் திருஅவைகள்

முன்னுரை

இல்லறம், துறவறம் என்னும் பகுப்பு தமிழ் அறச் சிந்தனையில் வேரூன்றியது. திருக்குறளின் அறத்துப்பாலில் இல்லறவியலும் துறவறவியலும் தனித்தனி இயல்களாக அமைந்தமை இதற்குச் சான்று. இப்பகுப்பின் வழியே கத்தோலிக்க சமயத்தை நோக்குவோர் திருமணத்தை இல்லறமாகவும் குருத்துவத்தைத் துறவறமாகவும் கொள்வதுண்டு. இது முழுமையாகப் பொருந்துவதன்று. கத்தோலிக்க மரபில் துறவறம் என்பது ஏழ்மை, கற்பு, கீழ்ப்படிதல் ஆகிய வார்த்தைப்பாடுகளால் அமையும் வாழ்க்கைநிலை. அது அருளடையாளம் ஆகாது. குருத்துவமோ ஆயரின் கைவைப்பாலும் மன்றாட்டாலும் வழங்கப்பெறும் அருளடையாளம். மறைமாவட்டக் குரு மணத்துறவு பூண்டவராயினும் துறவற வார்த்தைப்பாடு எடுத்தவர் அல்லர். துறவற அருட்சகோதரர் வார்த்தைப்பாடு எடுத்தவராயினும் குரு அல்லர். இவ்வேறுபாட்டை மனத்திற்கொண்டே திருமணத்திற்கும் குருத்துவத்திற்கும் உள்ள உறவை ஆராய வேண்டும்.

பிறர்பொருட்டு அமைந்தவை

திருமுழுக்கு, உறுதிபூசுதல், நற்கருணை, ஒப்புரவு, நோயிற்பூசுதல், குருத்துவம், திருமணம் என அருளடையாளங்கள் ஏழு. குருத்துவத்தையும் திருமணத்தையும் அருளடையாளங்கள் அல்ல எனச் சீர்திருத்த இயக்கத்தார் மறுத்தபோது, திரெந்துப் பொதுச்சங்கம் 1563ஆம் ஆண்டு அவ்விரண்டையும் அடுத்தடுத்த அமர்வுகளில் உறுதிப்படுத்தியது. 1992இல் வெளியான கத்தோலிக்கத் திருஅவையின் மறைக்கல்வி நூல் அருளடையாளங்களை மூவகையாகப் பகுக்கிறது. முதல் மூன்றும் கிறிஸ்தவ வாழ்வில் புகச்செய்பவை. அடுத்த இரண்டும் நலமளிப்பவை. குருத்துவமும் திருமணமும் ஒன்றிப்புக்குப் பணிபுரிபவை.

இறுதி இரண்டும் முதன்மையாகப் பிறரின் மீட்பை நோக்கியவை. அவற்றைப் பெறுவோர் அப்பணியின் வழியாகவே தம் மீட்பையும் அடைகின்றனர். பிறர்க்குப் பாவமன்னிப்பு வழங்கும் குரு தமக்குத்தாமே அதனை வழங்கிக்கொள்ள இயலாது. மற்றொரு குருவையே நாடவேண்டும். மணமக்களும் ஒருவர்க்கொருவராகவும் தம் பிள்ளைகளுக்காகவும் அருள்பெறுகின்றனர். ஆகவே, நோக்கத்தைக் கொண்டு பார்க்கும்போது இவை எதிர்நிலைகள் அல்ல, இணைநிலைகள்.

வேறுபடும் கூறுகள்

இவ்விரண்டும் வழங்கப்பெறும் முறையில் வேறுபடுகின்றன. குருத்துவத்தை ஆயர் மட்டுமே வழங்க முடியும். திருமணத்தில், இலத்தீன் மரபின்படி, மணமக்களே தம் உடன்பாட்டின் வழியாக அருளடையாளத்தை ஒருவர்க்கொருவர் வழங்குகின்றனர். குரு திருஅவையின் பெயரால் அவ்வுடன்பாட்டைக் கேட்டுப் பெறுகிறார். அவ்வுடன்பாட்டிற்கு ஈடாக எந்த மனித அதிகாரமும் நிற்க இயலாது எனத் திருஅவைச் சட்டம் கூறுகிறது. கீழைத் திருஅவைகளிலோ குருவின் ஆசியே இன்றியமையாததாகக் கருதப்பெறுகிறது.

நிலைபேற்றிலும் வேறுபாடு உண்டு. திருமணப் பிணைப்பு இருவருள் ஒருவரின் இறப்போடு முடிவடைகிறது. குருத்துவம் அழியாத முத்திரையைப் பதிக்கிறது. குருநிலையிலிருந்து விடுவிக்கப்பட்டவரும் இறக்கும் தறுவாயில் இருப்பவருக்குப் பாவமன்னிப்பு வழங்கலாம் என்னும் சட்டவிதி இதனை உணர்த்தும்.

மணத்துறவின் இடம்

பேதுருவின் மாமியாரைப் பற்றி மாற்கு நற்செய்தி குறிப்பிடுவதால் திருத்தூதருள் மணமானவர் இருந்தமை தெளிவு. நான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இசுபானியாவின் எல்விராவில் கூடிய சங்கம், மணமான திருப்பணியாளர்கள் மனைவியரோடு கூடி வாழ்தலைத் தவிர்க்கப் பணித்தது. 1139இல் இரண்டாம் இலாத்தரன் சங்கம் உயர்நிலைத் திருப்பட்டம் பெற்றோரின் திருமணம் செல்லாது என அறிவித்தது. கிழக்கிலோ 692இல் கான்ஸ்டான்டிநோபிளில் கூடிய துருல்லோ சங்கம், மணமானவர் குருவாகி மனைவியோடு வாழ இசைவளித்தது. ஆயர்களுக்கு மட்டும் மணத்துறவை விதித்தது. உரோமையோடு ஒன்றித்துள்ள உக்ரைன் கிரேக்கக் கத்தோலிக்கத் திருஅவையிலும் மாரோனைட் திருஅவையிலும் மணமான குருக்கள் இன்றும் பணியாற்றுகின்றனர்.

குருத்துவத்தின் இயல்பு மணத்துறவைக் கட்டாயமாகக் கோருவதில்லை என்பதை 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளிப்படையாக ஏற்றது. அதே ஆவணம் இலத்தீன் திருஅவையில் மணத்துறவு தொடர்வதையும் உறுதிசெய்தது. கிறிஸ்துவின் மணமாகா வாழ்வைப் பின்பற்றுதல், பிளவுறா உள்ளத்தோடு பணியாற்றுதல், வரவிருக்கும் இறையாட்சிக்கு அடையாளமாதல் ஆகியன இதற்குக் கூறப்படும் காரணங்கள். இவை மணத்துறவின் தகைமையைக் காட்டும் காரணங்களேயன்றி, அதனை இன்றியமையாததாக்கும் காரணங்கள் அல்ல. முன்னாள் ஆங்கிலிக்கத் திருப்பணியாளருள் மணமானோர் தனி இசைவுடன் கத்தோலிக்கக் குருக்களாதல் இதனாலேயே இயல்கிறது.

முன்பின் வரிசை

மணமானவர் குருவாதலை ஏற்கும் மரபிலும் குருவானவர் மணம்புரிதல் ஏற்கப்படுவதில்லை. 1983ஆம் ஆண்டின் இலத்தீன் சட்டத்தொகுப்பும் 1990ஆம் ஆண்டின் கீழைத் திருஅவைகளின் சட்டத்தொகுப்பும் திருப்பட்டத்தைத் திருமணத்திற்குரிய தடையாகவே கொள்கின்றன. இலத்தீன் திருஅவையில் மணமானவர் நிலையான திருத்தொண்டராகலாம்; ஆனால், மனைவியை இழந்தால் மறுமணம் செய்ய இயலாது. சிறு பிள்ளைகளோடு தனித்து நிற்கும் தந்தைக்கு இது கடுமையான விதியே. ஆயினும், இத்தடையிலிருந்து விலக்களிக்கும் அதிகாரம் திருத்தூது ஆட்சிப்பீடத்திற்கு உண்டு. விலக்களிக்கத்தக்கது என்பதே இது மாறா இறைச்சட்டம் அன்று, திருஅவை வகுத்த சட்டம் என்பதற்குச் சான்றாகும்.

அமேசான் பகுதி எழுப்பிய வினா

இவ்வேறுபாடு ஏட்டளவில் நிற்பதன்று. 2019ஆம் ஆண்டு அமேசான் பகுதிக்கான ஆயர் மாமன்றத்தில், குருக்கள் இன்மையால் நெடுங்காலம் நற்கருணைக் கொண்டாட்டமின்றி வாழும் சமூகங்களின் நிலை பேசப்பட்டது. நிலையான குடும்பம் உடைய திருத்தொண்டர்களுக்குக் குருத்துவம் வழங்கும் பரிந்துரை மூன்றில் இரண்டு பங்கிற்கு மேற்பட்ட வாக்குகளைப் பெற்றது. 2020இல் வெளியிட்ட அறிவுரை மடலில் திருத்தந்தை பிரான்சிசு அப்பரிந்துரையைச் செயற்படுத்தவில்லை. மணத்துறவு மாறாக் கோட்பாடாக இருந்திருப்பின் இவ்வினாவை வாக்கெடுப்பிற்கு விட்டிருக்க இயலாது. ஒழுங்குமுறையாயினும் நெடிய மரபின் எடை அதற்கு உண்டு என்பதைத் திருத்தந்தையின் அமைதி காட்டுகிறது.

முடிவுரை

திருமணத்தைத் தாழ்த்திக் குருத்துவத்தை உயர்த்துவது கத்தோலிக்க இறையியலின் நிலைப்பாடு அன்று. கிறிஸ்துவுக்கும் திருஅவைக்கும் உள்ள பிணைப்பை மணமக்கள் தம் உறவில் காட்டுகின்றனர்; திருஅவையின் தலைவராகிய கிறிஸ்துவின் பணியைக் குரு தம் ஊழியத்தில் காட்டுகிறார். ஒருவரிடத்தே இவ்விரண்டும் இணையலாம் என்பதற்குக் கீழை மரபு சான்று. மணத்துறவைக் குருத்துவத்தோடு ஒன்றாக்காமல் தனித்து நோக்கும்போதே திருமணம், குருத்துவம், மணத்துறவு ஆகிய மூன்றும் தத்தம் இடத்தில் விளங்கும். கத்தோலிக்கப் பனுவல்களைத் தமிழில் ஆராய்வோர் ‘துறவி’, ‘குரு’ ஆகிய சொற்களை ஒருபொருட் கிளவிகளாகக் கொள்ளாதிருத்தல் இத்தெளிவிற்கு முதற்படியாகும்.