கண்டாங்கித் துணியில் ஒரு நினைவேடு

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் விற்கும் கடைகளுக்குள் புகுந்து பார்ப்போர், மரத்தூண், எனாமல் பாத்திரம், பீங்கான் சாடி ஆகியவற்றுக்கிடையே சட்டமிட்ட பழைய புகைப்படங்களையும் காண்பர். மணமக்கள் இருப்பர், மடியில் குழந்தையோடு மூதாட்டி இருப்பார். யார், எவ்வூர், எவ்வாண்டு என்று வினவினால் கடைக்காரர்க்கும் தெரியாது. பின்புறத்தில் எவரும் எழுதி வைக்கவில்லை. இந்நிலையை எண்ணியே, படமும் கடிதமும் அழைப்பிதழும் சேர்த்து வைக்கத் துணியட்டை ஆல்பம் செய்யும் முறையை இங்கு எழுத முற்பட்டோம்.

சிறு தாளையும் பேணும் பழக்கத்திற்கு நம் அருகிலேயே சான்று உண்டு. காரைக்குடியை அடுத்த கோட்டையூரில் வாழ்ந்த ரோஜா முத்தையா அவர்கள் விளம்பரப் பலகை எழுதும் ஓவியர். நூல்களோடு அழைப்பிதழ், நாடக நோட்டீசு முதலியவற்றையும் குப்பையென்று தள்ளாமல் சேர்த்தார். 1992இல் அவர் மறைந்தபின் சிகாகோ பல்கலைக்கழகம் அத்தொகுப்பை வாங்கியது. எனினும் அது கடல் கடக்கவில்லை. 1994இல் சென்னையிலேயே அவர் பெயரால் நூலகமாயிற்று.

இனி, அட்டைக்குரிய துணி. 2019இல் புவிசார் குறியீடு பெற்ற நம் கண்டாங்கிச் சேலையே இதற்கு மிகவும் ஏற்றது. கட்டிப் பழகிய பருத்தி ஆதலின் சுருங்காது. அகன்ற கரையை முதுகுப்புறம் வருமாறு வைத்தால் வேறு அணியே வேண்டா. ஆனால் அரக்கு வண்ணம் சாயம் விடக்கூடும். ஈரமான வெள்ளைத் துணியால் தேய்த்துப் பார்த்த பின்னரே வெட்டுதல் நன்று. பைண்டிங் அட்டையினும் நாற்புறமும் ஓர் அங்குலம் கூடுதலாக வெட்டி, மூலைகளைச் சாய்வாக நறுக்குக. பசையைத் துணியில் பூசாமல் அட்டையில் மெல்லிதாகப் பூசுக. இல்லையேல் மேற்புறம் கசிந்து கறையாகும். துணி உலர்கையில் அட்டையை ஒருபுறம் இழுத்து வளைக்கும். எனவே உட்புறம் தாள் ஒட்டிப் பளுவின் கீழ் ஒருநாள் வைத்தல் வேண்டும். பைண்டிங் செய்வோர் பூச்சிக்கு அஞ்சி மைதாப் பசையில் மயில்துத்தம் கலப்பர். அது நஞ்சு, சிறுவர் கையில் படலாகாது.

ஏடுகளைத் தைக்கும்போது இரண்டிரண்டு தாளுக்கிடையே விரலகலத் தாள் பட்டை ஒன்றை முதுகில் சேர்த்துத் தைக்க. படங்கள் சேரச் சேர ஏடு வாய் பிளந்து நிற்பதை இப்பட்டையே தடுக்கும். மணியும் கண்ணாடியும் பதிக்க விரும்புவோர் மேலட்டையோடு நிறுத்துக. உட்பக்கத்தில் பதித்தால் எதிர்ப்பக்கப் படத்தைக் கீறிவிடும். எமக்கென்னவோ, சங்கிலித் தையலில் குடும்பப் பெயரும் ஊரும் இருந்தாலே போதும் என்று தோன்றுகிறது.

அமெரிக்க எழுத்தாளர் மார்க் டுவைன், நீர் தொட்டால் ஒட்டும் பசைத்தாள் ஏட்டுக்கு 1873இல் காப்புரிமை பெற்றார். ஒட்டுவது எளிது, பிரிப்பதன்றோ அரிது! இதனை யாம் கற்றது எம் இல்லத்திலேயே. பாட்டனார் பினாங்கிலிருந்து எழுதிய பட அஞ்சலட்டைகளைப் பள்ளிப் பருவத்தில் மைதாப் பசையால் நோட்டில் ஒட்டினோம். படம் மேலே, எழுத்து கீழே! பல்லாண்டு கழித்துத் திறந்தபோது இராமபாணப் பூச்சி பசையோடு தாளையும் அரித்திருந்தது. அத்தா ஒன்றும் சொல்லவில்லை. ஈரத்துணி வைத்து ஓர் அட்டையைப் பிரிக்க முயன்றார்கள். தம் தந்தையின் மை அவர்கள் கண்முன்னே கரைந்தது.

ஆகவே படத்தையும் கடிதத்தையும் ஒருபோதும் ஒட்டற்க. தாளை முக்கோணமாக மடித்து நான்கு மூலைப்பைகள் செய்து, பைகளை மட்டும் ஏட்டில் ஒட்டிப் படத்தைச் செருகுக. கடிதங்களுக்கு மெல்லிய வெள்ளைத் துணியில் சிறு பை தைத்தால் எடுத்துப் படித்து மீண்டும் வைக்கலாம். கடைகளில் கிடைக்கும் பசைப்பக்க ஆல்பங்களில் நாளடைவில் பக்கம் மஞ்சளித்துப் படம் பிரியாமற் போவதும் இதே குறையே.

பெயரைப் படத்தின் பின்புறம் மென்பென்சிலால் அழுத்தாமல் எழுதுக. முறைப்பெயர் மட்டும் எழுதுதல் கூடாது. பெயர், ஊர், ஆண்டு மூன்றும் வேண்டும். யாம் சென்ற விடுமுறையில் செய்த ஏட்டில் ஒரு படத்தின் பின்னே, எம் இளமைக் கையெழுத்தில், 'மாமி' என்றிருக்கிறது. எந்த மாமி? குடும்பத்துப் பெரியவர் மூவரைக் கேட்டோம். மூவரும் மூன்று பெயர் சொன்னார்கள்.