கல்லூரி மாணவரின் பதற்றமும் மனச்சோர்வும்: இணையவழிச் சிகிச்சையில் மனிதத் துணையின் இடம்

ஆய்வுச்சுருக்கம்

கல்லூரிப் பருவத்தினரின் பதற்றத்திற்கும் மனச்சோர்விற்கும் இணையவழி உளச்சிகிச்சை எவ்வாறு பயன்படுகிறது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. அறிகுறிகள் கடுமையாகும் நிலையில் செயலி மட்டும் போதாது, மனிதத் தொடர்பும் உடன் வேண்டும் என்பது இதன் மையக்கருத்தாகும்.

திறவுச்சொற்கள்: மனச்சோர்வு, பதற்றம், இணையவழிச் சிகிச்சை, மாணவர் நலம், வழிகாட்டல்.

முன்னுரை

மனநலச் சிக்கல்களுள் பெரும்பாலானவை 25 வயதிற்குள் முதன்முறை தோன்றுகின்றன. வீட்டைப் பிரிந்த விடுதி வாழ்க்கை, தேர்வு, கல்விக்கடன், வேலை பற்றிய அச்சம் ஆகியன ஒருங்கே சேரும் பருவமும் இதுவே. எனினும் பிறர் அறிந்துவிடுவர் என்னும் கூச்சத்தாலும் செலவினாலும் மருத்துவரை நாடாதவர் பலர். இத்தடைகளைக் குறைப்பதே இணையவழிச் சிகிச்சையின் முதற்பயன்.

சிகிச்சையின் இயல்பு

இச்சிகிச்சை மூவகைப்படும்: உளவியலாளருடன் காணொலியில் உரையாடுதல், வழிகாட்டி ஒருவரின் துணையுடன் இணையப் பாடங்களைப் பயிலுதல், துணையின்றித் தாமே பயிலுதல். பாடங்கள் பெரும்பாலும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையைச் சார்ந்தவை. இதற்கு 1960களில் ஆரன் பெக் வகுத்த முறை அடிப்படையாகும்.

சான்றாக, ஒரு தாளில் தோற்ற மாணவர் ‘இனி எனக்கு எதிர்காலம் இல்லை’ எனக் கருதி வகுப்பைத் தவிர்க்கிறார். அதனால் மேலும் பின்தங்க, அவ்வெண்ணம் வலுப்பெறுகிறது. பாடம் அவ்வெண்ணத்தை எழுதச் செய்து, அதற்குச் சார்பானவற்றையும் எதிரானவற்றையும் ஒப்பிடச் செய்கிறது. கைவிட்ட செயல்களைச் சிறிது சிறிதாக மீண்டும் தொடங்கச் செய்கிறது. எழுத்தும் பயிற்சியுமாக அமைந்த முறையாதலின் இது திரைக்கு எளிதில் பொருந்திற்று.

ஆய்வுகள் காட்டுவன

ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகம் 2001இல் ‘மூட்ஜிம்’ என்னும் இலவசத் தளத்தை உருவாக்கியது. மனச்சோர்வு அறிகுறிகள் உடைய 525 பேரைக் கொண்டு நிகழ்ந்த அதன் ஆய்வு 2004இல் வெளியாயிற்று. அறிகுறிகள் குறைந்தன. ஆனால் அவ்வாய்வில் பங்கேற்றோருடன் வாரந்தோறும் தொலைபேசியில் ஒருவர் பேசிவந்தார். அவ்வாறு பேசியோர் உளவியலாளர் அல்லர். துணையின்றி அத்தளத்திற்கு வந்த பொதுமக்களுள் பெரும்பாலோர் தொடக்கப் பாடங்களிலேயே நின்றுவிட்டனர்.

18 முதல் 28 வயதுடைய 70 பேரிடம் ‘வோபாட்’ என்னும் உரையாடுசெயலி பற்றி நிகழ்ந்த ஆய்வு 2017இல் வெளியாயிற்று. இரு வாரங்களில் மனச்சோர்வு குறைந்தது. பதற்றமோ செயலியைப் பயன்படுத்தியோரிடமும் மின்னூல் மட்டும் பெற்றோரிடமும் குறைந்தது. மேலும், இரு வாரக் காலம் நீடித்த பயனை அறியப் போதாது.

யாருக்கு வழிகாட்டல் தேவை என்பதற்கு 2021இல் வெளிவந்த, 39 ஆய்வுகளின் தொகுப்பாய்வு விடை தருகிறது. மனச்சோர்வை அளக்கும் பிஎச்கியூ-9 வினாப்படிவத்தில் மதிப்பெண் 0 முதல் 27 வரை அமையும். 5 முதல் 9 வரை பெற்றோருக்கு வழிகாட்டல் இருந்தாலும் இல்லாவிடினும் பயனில் பெரிய வேறுபாடு இல்லை. 9ஐக் கடந்தோருக்கு வழிகாட்டலுடன் கூடிய சிகிச்சையே மிகுதியாகப் பயன்பட்டது.

பாதுகாப்பு

இப்படிவத்தின் ஒன்பதாம் வினா, இறப்பு அல்லது தன்னைத் துன்புறுத்திக்கொள்ளுதல் பற்றிய எண்ணத்தைக் கேட்கிறது. நள்ளிரவில் ஒரு மாணவர் அதற்கு ‘பல நாட்கள்’ என விடையளிப்பின், அதனைக் கண்டு உடனே செயற்பட ஒருவர் இருத்தல் வேண்டும். மதிப்பெண்ணைக் கூட்டிக் காட்டுவதோடு செயலி நின்றுவிடின் அது சிகிச்சையாகாது.

இந்தியாவில் 2022 அக்டோபர் 10ஆம் நாள் தொடங்கிய டெலி-மானஸ் சேவை இவ்விடத்தில் துணையாகிறது. தமிழ்நாட்டில் ‘நட்புடன் உங்களோடு மனநல சேவை’ என வழங்கும் இதனை 14416 என்னும் எண்ணில் எந்நேரமும் அழைத்துத் தமிழில் பேசலாம்.

முடிவுரை

இணையவழிச் சிகிச்சை பயன் தருவது. எனினும் அனைவருக்கும் ஒரே வடிவில் அன்று. கல்லூரிகள் செயலியைப் பரிந்துரைக்குமுன் மாணவரின் நிலையை அளந்தறிதல் வேண்டும். லேசான அறிகுறிகளுக்குத் தற்பயிற்சி போதுமாகலாம். அதனைக் கடந்தோருக்கு வாரம் ஒருமுறையேனும் பேசும் ஒருவரை அமர்த்துதல், செயலியை வாங்குவதினும் முதன்மையான கடமையாகும்.