லாங் டிரைவ்ல பாட்டு போரடிக்குதா? ஆடியோ புக் கேட்கும் முன் இதைப் படிங்க!

சென்னையிலிருந்து மதுரைக்கு காரில் சுமார் 460 கி.மீ. டீ, சாப்பாடு எல்லாம் சேர்த்தால் எப்படியும் 8 மணி நேரம். திண்டிவனம் தாண்டுவதற்குள் பிளேலிஸ்ட் சலித்துவிடும். ஆடியோ புக் கைகொடுப்பது இங்கேதான். ஆனா, கதை கேட்டுக்கிட்டே வண்டி ஓட்டுறது பாதுகாப்பானதா?

எதைக் கேட்கலாம்?

காதால் கேட்டாலே புரிகிற கதைகள்தான் டிரைவிங்குக்கு ஏற்றவை. கல்கியின் 'பொன்னியின் செல்வன்' நல்ல தேர்வு. 1950களில் வாரப் பத்திரிகையில் தொடராக வந்ததால் அத்தியாயங்கள் சின்னவை. ஒவ்வொன்றும் 'அடுத்து என்ன?' என்று இழுக்கும். கதை தொடங்குவதே வீராணம் ஏரிக்கரையில், குதிரையில் வரும் வந்தியத்தேவனோடுதான். விக்கிரவாண்டி வழியாகத் தஞ்சாவூர் போறவங்க, சேத்தியாத்தோப்பு பக்கம் வரும்போது அந்த ஏரிக்குப் பக்கத்தில்தான் இருப்பீங்க!

கணக்கு, அட்டவணை நிறைந்த புத்தகங்களை வீட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கிளம்பும் முன்...

* நெடுஞ்சாலையில் சிக்னல் விட்டுவிட்டு வரும். வைஃபையிலேயே டவுன்லோடு செய்துவிடுங்கள். 64 கேபிபிஎஸ் தரத்தில் 10 மணி நேரக் கதைக்கு 300 எம்பி கூட ஆகாது.
* இயர்போன் வேண்டாம்; பின்னால் வரும் ஹாரன் கேட்காது. கார் ஸ்பீக்கரே போதும்.
* ஓட்டும்போது போனை கையில் எடுக்காதீங்க. மோட்டார் வாகனச் சட்டத்தின் 184வது பிரிவு (2019 திருத்தம்) இதை ஆபத்தான ஓட்டுதலாகவே பார்க்கிறது.

கவனம் சிதறாதா?

சிதறலாம். 100 கி.மீ. வேகத்தில் கார் ஒரு நொடிக்கு சுமார் 28 மீட்டர் ஓடும். 3 நொடி கதையில் மூழ்கினால் 80 மீட்டருக்கு மேல் கடந்திருப்பீர்கள். அதனால் மழை, மூடுபனி, ஊருக்குள் நெரிசல் என்றால் கதையை நிறுத்திவிடுங்கள். நாலு வரி தவறிப்போனாலும் பரவாயில்லை, அடுத்த டீக்கடையில் ரீவைண்ட் செய்துக்கலாம்.

தூக்கம் வந்தால்?

சலிப்பைப் போக்கும் கதை, தூக்கத்தைப் போக்காது. தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் செயல்திறன், மது அருந்தியவரைப் போல மந்தமாகிவிடும் என்கின்றன ஆய்வுகள். கண் சொருகினால் வால்யூமைக் கூட்டாதீங்க. பாதுகாப்பான இடத்தில் வண்டியை நிறுத்தி, 20 நிமிடம் தூங்குங்க. வந்தியத்தேவன் காத்திருப்பான்!