கொமினிகேசன் கடையில் தங்கிவிடும் நம் கடிதங்கள்

சித்தாண்டியில் பிரதான வீதியோரம் உள்ள ஒரு கொமினிகேசன் கடைக்கு அண்மையில் ஓர் அம்மாவுடன் போயிருந்தேன். அவருடைய மகன் சுவிஸில் அகதித் தஞ்சம் கோரியிருக்கிறார். மகனின் சட்டத்தரணிக்குச் சில ஆவணங்கள் அவசரமாகத் தேவைப்பட்டன. 1990இல் கணவர் கொண்டுசெல்லப்பட்ட பிறகு செய்த முறைப்பாட்டின் பிரதி, ஆணைக்குழுவொன்றில் சாட்சியமளித்ததற்கான கடிதம், மகனைத் தேடி வீட்டுக்கு வந்தவர்களைப் பற்றி அம்மா தன் கையால் எழுதிய இரண்டு பக்கங்கள்.

கடைத்தம்பி நல்லவர். எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து, கடையின் ஜிமெயிலிலிருந்தே அனுப்பிவிட்டார். பத்து நிமிட வேலை. வெளியே வந்ததும், "உங்களுக்கென்று மின்னஞ்சல் இல்லையா அம்மா?" என்று கேட்டேன்.

"இருக்கு மனே. மகள் வெளிநாட்டு வேலைக்குப் பதியக்குள்ள இந்தத் தம்பிதான் திறந்து தந்தாரு. பாஸ்வேர்ட் அவர்ர கொப்பியில கிடக்கும்."

அந்த இரண்டு பக்கங்களும் அன்று எங்கெல்லாம் தங்கின என்று எண்ணிப் பார்த்தேன். கடைக் கணினியில் ஸ்கேன் கோப்புறையில் ஒரு பிரதி. கடையின் ஜிமெயிலில், அனுப்பியவற்றுக்குள் இன்னொன்று. அந்தக் கணினியில் யாரும் அமரலாம். அதை யார் திருத்தக் கொண்டுபோவார்கள், யார் வந்து கேட்டால் கடைத்தம்பி திறந்து காட்டவேண்டியிருக்கும் என்பது அவர் கையிலும் இல்லை.

இது எங்கோ நடக்கும் கதையல்ல. பக்கத்து வந்தாறுமூலையில், கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்தில் தஞ்சமடைந்திருந்தவர்களில் 158 பேர் 1990 செப்டெம்பர் 5 அன்று கொண்டுசெல்லப்பட்டார்கள். அன்று தொடங்கி இப்பகுதிக் குடும்பங்கள் ஆணைக்குழு ஆணைக்குழுவாகக் கடதாசிகளைச் சுமக்கின்றன. 2023 செப்டெம்பரில் மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சல் தரைக்காகப் பண்ணையாளர்கள் போராட்டம் தொடங்கியதும் சித்தாண்டியில்தான். முறைப்பாடும் மகஜரும் படங்களும் இன்று மின்னஞ்சலில் போகின்றன. வெளிநாட்டில் வேலை செய்யும் பெண்களின் கடவுச்சீட்டுப் பிரதி, வைத்திய அறிக்கை, வங்கிப் புத்தகம் எல்லாம் அதே வழியில்தான். ஒளிக்க எதுவும் இல்லாதவருக்கும் மூடிய கடிதம் தேவை.

யாரெல்லாம் படிக்கலாம்?

யுத்த காலத்தில் செஞ்சிலுவைச் சங்கத்தின் கடிதம் வாங்கியவர்களுக்கு நான் சொல்ல வருவது எளிதில் புரியும். அந்தக் கடிதம் உறையில்லாமல் திறந்தே வரும். வழியில் அதிகாரிகள் படிப்பார்கள் என்பது எழுதுகிறவருக்கும் தெரியும். அதனால் குடும்பச் செய்தி மட்டும் எழுதுவோம்.

சாதாரண மின்னஞ்சல் அவ்வளவு திறந்ததல்ல. ஜிமெயில் போன்ற சேவைகளில் உங்கள் தொலைபேசிக்கும் நிறுவனத்தின் கணினிக்கும் இடையிலான பாதை பூட்டப்பட்டுள்ளது. தொலைத்தொடர்பு நிறுவனம் இடையில் நின்று உள்ளடக்கத்தைப் படிப்பது கடினம். ஆனால் கடிதம் போய்ச் சேரும் பெட்டகத்தின் சாவி நிறுவனத்திடம் இருக்கிறது. அது திறக்கலாம், சட்டப்படியான கட்டளை வந்தால் திறந்து கொடுக்கவும் வேண்டும். ஜிமெயிலில் உள்ள 'கொன்ஃபிடென்ஷல்' வசதியும் இதை மாற்றாது. பெறுபவர் நகலெடுப்பதையும் பிறருக்கு அனுப்புவதையும் அது தடுக்கப் பார்க்கும்.

பூட்டும் சாவியும்

முனைக்கு முனை மறைகுறியாக்கம் என்பதில் கடிதம் உங்கள் தொலைபேசியிலேயே பூட்டப்படுகிறது. பெறுபவரின் தொலைபேசியில்தான் திறக்கிறது. இடையில் உள்ள நிறுவனத்துக்குப் பூட்டிய பெட்டி மட்டுமே தெரியும்.

ஒருவரையொருவர் சந்திக்காமல் சாவியை எப்படிக் கொடுப்பது? இங்கேதான் இதன் சூட்சுமம். திறந்த பூட்டுகளைச் செய்து ஊருக்கெல்லாம் கொடுக்கிறீர்கள் என்று வையுங்கள். யாரும் கடிதத்தைப் பெட்டியில் வைத்து அந்தப் பூட்டை அழுத்தி மூடலாம். திறக்கும் சாவி உங்களிடம் மட்டும். கணினியில் அந்தப் பூட்டுக்குப் பொதுச் சாவி என்றும், திறப்பதற்குத் தனிச் சாவி என்றும் பெயர்.

இந்த முறையைச் சாதாரண மக்களின் மின்னஞ்சலுக்குக் கொண்டுவந்தவர் அமெரிக்கரான பில் சிம்மர்மன். 1991இல் பி.ஜி.பி. என்ற மென்பொருளை இலவசமாக வெளியிட்டார். அதற்காக அமெரிக்க அரசு அவரை ஆண்டுக்கணக்கில் விசாரித்து, 1996இல் வழக்கேதும் தொடராமல் கைவிட்டது. ஆனால் பி.ஜி.பி.யைப் பயன்படுத்துவது படித்தவர்களுக்கே சிரமமாக இருந்தது. 2014இல் சுவிஸில் தொடங்கிய புரோட்டன் மெயிலும், ஜேர்மனியின் டூட்டாவும் பூட்டும் வேலையைத் தாமே பார்த்துக்கொள்கின்றன. இரண்டிலும் இலவசக் கணக்கு உண்டு.

எப்படித் தொடங்குவது?

முதலில், உங்கள் சொந்தத் தொலைபேசியில் நீங்களே தொடங்குங்கள். கடையில் வேண்டாம். மருமகன் உதவலாம், கடவுச்சொல்லை அடிக்கும்போது அவர் மறுபக்கம் திரும்பட்டும். உத்தியோகபூர்வ செயலியைப் பிளே ஸ்டோரிலிருந்து மட்டும் எடுங்கள். முகவரியில் முழுப்பெயர், பிறந்த ஆண்டு, ஊர்ப்பெயர் எதுவும் வேண்டியதில்லை.

கடவுச்சொல் நீளமாக இருக்கட்டும். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத நான்கைந்து தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் சேர்த்து எழுதினால் போதும். பிள்ளையின் பெயர், அடையாள அட்டை இலக்கம், கோயிலின் பெயர் ஆகியவை ஊருக்கே தெரிந்தவை.

அடுத்ததில்தான் பலர் சறுக்குகிறார்கள். இவ்வகைச் சேவைகளில் கடவுச்சொல்லை மறந்தால் நிறுவனத்தால் உங்கள் பழைய கடிதங்களைத் திறந்து தர முடியாது. சாவி அவர்களிடம் இல்லை. புரோட்டன் மெயிலின் அமைப்புகளுக்குள் போனால் 12 சொற்கள் கொண்ட மீட்புத் தொடரைப் பெறலாம். அதைக் கடதாசியில் எழுதி, நகை உறுதி வைக்கும் இடத்தில் வையுங்கள். படமெடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பவேண்டாம்.

பெறுபவரும் புரோட்டன் மெயில் வைத்திருந்தால் வேறெதுவும் செய்யவேண்டியதில்லை. சட்டத்தரணி ஜிமெயிலில் இருந்தால் கடிதம் முனைக்கு முனை பூட்டப்படாது. அப்போது எழுதும் திரையில் உள்ள பூட்டுச் சின்னத்தை அழுத்தி, அந்தக் கடிதத்துக்கென்று ஒரு கடவுச்சொல் கொடுக்கலாம். அவருக்கு ஓர் இணைப்பு போகும். கடவுச்சொல்லைப் போட்டுத்தான் படிப்பார். அந்தச் சொல்லை இன்னொரு மின்னஞ்சலில் அனுப்பாமல் தொலைபேசியில் வாயால் சொல்லுங்கள்.

எதை மறைக்காது?

இதைச் சொல்லாமல் விட்டால் உங்களுக்கு நன்மையைவிடத் தீமையே செய்தவனாவேன்.

யார் யாருக்கு, எப்போது எழுதினார் என்பது மறையாது. புரோட்டன் மெயிலில் கடிதத்தின் தலைப்பு வரியும் முனைக்கு முனை பூட்டப்படுவதில்லை. டூட்டாவில் தலைப்பும் பூட்டப்படும். ஆகவே தலைப்பில் பெயரோ சம்பவமோ வேண்டாம். 'ஆவணங்கள்' என்றால் போதும்.

நிறுவனங்கள் சட்டத்துக்கு அப்பாற்பட்டவை அல்ல. 2021இல் பிரான்ஸ் பொலிஸார் கேட்க, சுவிஸ் அதிகாரிகள் பிறப்பித்த கட்டளைப்படி ஒரு சுற்றுச்சூழல் செயற்பாட்டாளர் கணக்கைத் திறந்த இணைய முகவரி விவரத்தைப் புரோட்டன் பதிவுசெய்து கொடுத்தது. கடிதங்களின் உள்ளடக்கத்தை அதனால் கொடுக்க முடியவில்லை. இந்த உதாரணம் பூட்டின் பலத்தையும் அதன் எல்லையையும் ஒருங்கே காட்டுகிறது.

மூன்றாவது, தொலைபேசி. எவ்வளவு பலமான பூட்டும், திறந்த தொலைபேசியை ஒருவர் கையில் வாங்கினால் பயனில்லை. திரைக்கு ஆறு இலக்கக் குறியீடு போடுங்கள். மின்னஞ்சல் செயலிக்கும் தனிக் குறியீடு வைக்கலாம். தேவை முடிந்த படங்களைக் கலரியிலிருந்தும் அதன் குப்பைத்தொட்டியிலிருந்தும் அழியுங்கள். கடிதத்தைப் பெறுபவரின் தொலைபேசிக்கும் இதே கதைதான்.

கடைசியாக, ஜிமெயிலை மூடவேண்டிய அவசியம் இல்லை. மின்பட்டியல், பாடசாலை, வேலை விண்ணப்பம் எல்லாம் அதில் இருக்கட்டும். ஆனால் இன்றே கடவுச்சொல்லை மாற்றி, அறியாத கருவிகளை வெளியேற்றுங்கள். மீட்பு இலக்கமாகப் பழைய சிம் இருந்தால் மாற்றுங்கள்; கைவிட்ட இலக்கம் பிறகு வேறொருவருக்குப் போகலாம், உங்கள் கணக்கின் மீட்புக் குறியீடும் அவருக்கே போகும்.

மறுநாள் நானும் அம்மாவும் அதே கடைக்குப் போனோம். ஸ்கேன்களையும் அனுப்பிய மின்னஞ்சலையும் அழிக்கக் கேட்டோம். தம்பி முகம் சுளிக்காமல் குப்பைத்தொட்டியையும் காலியாக்கினார், கொப்பியில் அம்மாவின் வரியையும் வெட்டினார். வீட்டில் அம்மா தன் தொலைபேசியில் புதிய கணக்கைத் திறந்தார். எழுத்துகளைத் தேடி அடிக்க முக்கால் மணித்தியாலம் ஆனது. 12 சொற்களையும் எழுதிய தாளை மடித்தபடி கேட்டார்: "அப்ப இனி ஒருத்தரும் பார்க்க ஏலாதா?"

"நீங்கள் எழுதினதைப் பார்க்க ஏலாது அம்மா. எழுதினீங்க என்றதைப் பார்க்கலாம்."

கொஞ்சம் யோசித்துவிட்டு, "அது காணும்" என்றார். பிறகு, வந்தவர்களின் பெயர் இருந்த அந்த இரண்டு பக்கங்களில் எது போகவேண்டும், எதை மகனிடம் வாயால் சொல்லிக்கொள்ளலாம் என்று தானே பிரிக்கத் தொடங்கினார்.